மருத்துவர் அருகில் இல்லாதவர்க்கு
தாமிரவருணிக் கரையில் இயற்கை மருத்துவமும் தொலைமருத்துவமும்

ஹிஜ்ரி 313 (கி.பி. 925) இல் மறைந்த மருத்துவ மாமேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ அவர்களை நாம் பெரும்பாலும் 'அல்-ஹாவீ' என்னும் பெருந்தொகுப்பின் ஆசிரியராகவும், பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய ஆய்வாளராகவுமே அறிந்திருக்கிறோம். அப்பெருநூல்களின் நிழலில் மறைந்து கிடக்கும் அவருடைய சிறு நூலொன்று உண்டு. 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்பது அதன் பெயர். 'மருத்துவர் அருகில் இல்லாதவர்க்கு' என்று அதனைத் தமிழாக்கலாம். மருத்துவரை அழைக்க வசதியற்றவரும், மருத்துவரே இல்லாத ஊரில் வாழ்பவரும் தம் கைக்கெட்டும் உணவுப் பொருள்களைக் கொண்டே எளிய நோய்களைத் தணித்துக்கொள்ள வழி கூறுவது அந்நூல். அதே பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார் அவர்கள் ஏழைகளுக்கும் வறியவர்களுக்குமான மருத்துவம் என்ற பொருள்படவே ஒரு நூலுக்குப் பெயர் சூட்டினார்.

அரண்மனைகளும் பெருநகர மருத்துவமனைகளும் இம்மேதைகளின் அறிவை விலைக்கு வாங்கக் காத்திருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் அவர்கள் மருத்துவர் இல்லாத வீட்டை எண்ணி நூல் எழுதினர் என்பது நம் சிந்தனைக்குரியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் எழுப்பிய வினா முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவ அறிவு எவ்வாறு சென்று சேர்வது? இவ்வினாவுக்கு நம் காலம் அளிக்கும் விடைகளுள் இரண்டை மட்டும் இங்கே ஆராய்வோம். ஒன்று தொலைமருத்துவம், மற்றொன்று இயற்கை மருத்துவம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஒன்று மின்கம்பியையும் அலைவரிசையையும் நம்பியது. மற்றது மண்ணையும் நீரையும் நம்பியது. ஆயினும் ஒரே கிராமத்து வீட்டுத் திண்ணையில் அவை சந்தித்துக்கொள்கின்றன.

இவ்வாய்வுக்கு ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்வது பொருந்தும். 1873இல் பணி நிறைவுற்ற அணைக்கட்டு தாமிரவருணியின் கடைசி அணைக்கட்டாக இங்கே நிற்கிறது. அதிலிருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. ஆற்றின் போக்கிலேயே ஆழ்வார்திருநகரி, ஏரல் என ஊர்கள் தொடர்ந்து, கடலோரத்தில் காயல்பட்டினம் வரை செல்கின்றன. வட்டத் தலைநகரில் அரசு மருத்துவமனை உண்டு. கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் உண்டு. ஆனால் இதயநோய் வல்லுநர், சிறுநீரக வல்லுநர், விழித்திரை வல்லுநர் ஆகியோரைக் காண வேண்டுமெனில் மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து 1965 முதல் இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ, மறுபுறம் 2000இல் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல வேண்டும். 30 கிலோமீட்டர் பெருந்தொலைவன்று என்று நகரவாசி கூறக்கூடும். வாழைத்தார் சுமக்கும் கூலித் தொழிலாளிக்கு அது ஒருநாள் கூலி. உடன்வரும் துணைக்கு இன்னொரு நாள் கூலி. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்து முடிக்கும் நோய்களல்ல. வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவை. வலியில்லாத நோய்க்காக மாதந்தோறும் கூலியை இழக்க எவர்தாம் முன்வருவார்? கிராமங்களில் சிறுநீரகமும் கண்ணும் கெட்ட பின்னரே நோய் வெளிப்படுவதற்கு அறியாமையைவிட இக்கணக்கே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

தொலைமருத்துவம் இந்தக் கணக்கைத்தான் மாற்ற முயல்கிறது. இந்தியாவில் அதன் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, ஆந்திர மாநிலத்தின் அரகொண்டா கிராம மருத்துவமனை 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டனின் முன்னிலையில் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையுடன் இணைக்கப்பட்ட நிகழ்வை. பின்னர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பல மாநிலங்களில் இவ்விணைப்பை விரித்தது. தேனி வட்டாரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன், செயற்கைக்கோளின்றி மலிவான கம்பியில்லா இணைப்பைக் கொண்டே கிராமக் கண் மையங்களை மருத்துவர்களுடன் இணைத்துக் காட்டியது. செலவு குறைந்தாலன்றி இத்தகைய ஏற்பாடுகள் ஏழைகளிடம் நிலைபெறமாட்டா என்பதால், அவ்வெளிய இணைப்பை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

எனினும் தமிழகத்தில் மிகத் தெளிவான சான்றைத் தருவது, 2006 அளவில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு வட்டாரத்தில் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட திட்டமாகும். செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய ஊர்தியொன்று 42 கிராமங்களைச் சுற்றி வந்தது. அக்கிராமங்களில் வாழ்ந்த 27,014 பெரியவர்களுள் 23,380 பேருக்குச் சோதனை செய்யப்பட்டது. 1,138 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது; 3,410 பேர் நீரிழிவின் வாயிலில் நின்றனர். நோயாளிகளுள் பரிசோதிக்கப்பட்ட ஆயிரவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்புத் தொடங்கியிருந்தது. ஊர்தியிலேயே விழித்திரையைப் படமெடுத்து நகரத்து வல்லுநருக்கு அனுப்பினர். ஊரிலேயே அமைந்த சிறு நிலையத்தில் தொடர்ந்து மருத்துவம் அளித்தனர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓராண்டில் 9.3இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வெண்களுள் நம்மை மிகவும் ஈர்ப்பது வேறொன்று: மேல்மருத்துவத்திற்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவே. எஞ்சியோர் அனைவரும் தம் ஊரிலேயே கவனிக்கப்படத் தக்கவர்கள். கவனிக்க ஆள் இல்லாமையே குறையாக இருந்தது.

பெருந்தொற்றுக் காலம் இதனை நாடளாவிய வழக்கமாக்கியது. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' சேவை வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் திறக்கப்பட்டது. 2023 பிப்ரவரிக்குள் அதன்வழி நடைபெற்ற கலந்தாய்வுகள் 10 கோடியைத் தாண்டின. இதில் இருவகை உண்டு. நோயாளி தாமே கைப்பேசியில் மருத்துவரை அழைப்பது ஒரு வகை. சுகாதார நிலையத்துச் செவிலியரோ மருத்துவரோ நோயாளியை அருகில் அமர்த்திக்கொண்டு நகரத்து வல்லுநரை அழைப்பது மற்றொரு வகை. கிராமத்திற்கு ஏற்றது இரண்டாம் வகையே என்பதில் நமக்கு ஐயமில்லை. வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்கவும், காலில் வீக்கம் குழிகிறதா என்று காணவும், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்கவும் அங்கே ஒரு கை இருக்கிறது. திரையால் பார்க்க முடியும், தொட முடியாது. நெறிமுறைகளும் இதனை உணர்ந்தே, அவசர நிலைகளில் முதலுதவி கூறி உடனே நேரில் அனுப்பவேண்டும் என்றும், போதைப் பண்புடைய மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதலாகாது என்றும், மருத்துவர் தம் பதிவெண்ணைச் சீட்டில் குறிக்கவேண்டும் என்றும் விதித்துள்ளன. இயந்திர அறிவு தானாகவே மருந்து எழுதுவதும் அவற்றில் தடுக்கப்பட்டுள்ளது.

இனி இயற்கை மருத்துவத்திற்கு வருவோம். இங்கே முதலில் ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். நம் பகுதியில் மூலிகை எதுவானாலும் 'இயற்கை வைத்தியம்' என்று கூறிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் நிலப்பகுதியில் இக்குழப்பம் நேர்வது வியப்பன்று. சித்தமும் யூனானியும் மருந்து உடையவை. அவற்றிற்கு நூலும் மருந்துச் செய்முறையும் உண்டு. இயற்கை மருத்துவமோ மருந்தே இல்லாத முறை. உணவு மாற்றம், உண்ணாநோன்பு, இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், மண் பட்டி, ஈரத்துணிப் பட்டி, வெயில் காய்தல், யோகப் பயிற்சி ஆகியவையே அதன் கருவிகள். அதன் நவீன வடிவம் ஜெர்மனியிலிருந்து வந்தது. லைப்சிக் நகரத்து லூயி கூனேயின் நீர்ச் சிகிச்சை நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெலுங்கில் பெயர்க்கப்பட்டது. புதுக்கோட்டை லக்ஷ்மண சர்மா அதனைத் தென்னாட்டுக்கு ஏற்ப வளர்த்தார். ஏழைக் கிராமங்களுக்கு உகந்த மருத்துவம் இதுவே எனக் கருதிய காந்தியடிகள் 1946இல் பூனே அருகிலுள்ள உருளி காஞ்சனில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். சென்னை அரும்பாக்கத்தில் 2000இல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் அதே வளாகத்தில்தான் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த அண்மை இடத்தால் மட்டும் அமைந்ததன்று. யூனானி மரபில் மருந்துக்கு முன்னதாகவே வைக்கப்பட்ட ஒரு கொள்கை உண்டு. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' நூலில் விரித்துரைக்கும் ஆறு இன்றியமையாக் காரணிகளே அவை: சூழ்ந்துள்ள காற்று, உணவும் பானமும், உடல் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவின் வெளியேற்றமும் தேக்கமும், மனத்தின் நிலைகள். இவை ஒழுங்குற்றால் பாதி நோய் அணுகாது என்பது அம்மரபின் துணிபு. கூனேயை அறியாத நம் முன்னோர் இயற்கை மருத்துவத்தின் சாரத்தை அறிந்தேயிருந்தனர் எனலாம். வேறுபாடு ஒன்றே, அவர்கள் அதனைத் தொடக்கமாகக் கொண்டனர், அதுவே முழுமையும் ஆகுமென்று கருதவில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்து நோக்குவோம். இயற்கை மருத்துவத்தின் ஒரு பாதி, கை தொட்டுச் செய்யும் பணி. மண் பட்டியையும் நீராவிக் குளியலையும் தொலைபேசியில் அனுப்ப இயலாது. (மண் பட்டி உடலின் நச்சை உறிஞ்சி எடுக்கிறது என்று கூறப்படும் விளக்கத்தை உடலியல் ஏற்பதுமில்லை, அது தரும் குளிர்ச்சியும் அமைதியும் உண்மை, அவ்வளவே.) ஆனால் அதன் மறுபாதி, பேச்சு. உப்பைக் குறைப்பது எவ்வாறு, இரவு உணவை எப்போது முடிப்பது, வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டுவது எவ்வாறு, நடைப்பயிற்சிக்கு வயலில் வேலை செய்பவருக்கும் கடையில் அமர்ந்திருப்பவருக்கும் எது பொருந்தும் என்பன போன்ற உரையாடல்கள் அவை. ஒருமுறை கூறினால் எவரும் மாறுவதில்லை. பத்து முறை, அன்போடும் பொறுமையோடும் கூற வேண்டும். நாளொன்றுக்கு நூறு நோயாளிகளைக் காணும் மருத்துவருக்கு அதற்கு நேரமேது? மாதம் இருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசக்கூடிய, முறையாகப் பயின்ற இயற்கை மருத்துவர் இந்த இடைவெளியை நிரப்ப முடியும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. மாத்திரை வந்து சேர்ந்த வீட்டிற்கு அறிவுரையும் வந்து சேர்வதே அடுத்த படியாக இருக்க முடியும்.

இவ்விடத்தில் நாம் அஞ்சுவதையும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். இயற்கை மருத்துவத்தின் பெயரால் பரவும் சில நம்பிக்கைகள் உயிரைப் பறிக்க வல்லவை. இவ்வட்டாரத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். உடன்குடிக் கருப்பட்டியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'சர்க்கரை நோயாளி கருப்பட்டி சாப்பிடலாம்' என்பது பிழை. கருப்பட்டியின் பெரும்பகுதியும் சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான். சிறிதளவு தாதுப்பொருள்கள் கூடுதலாக இருப்பதால் இரத்தச் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது. இன்னொன்று, ஆற்றங்கரையெங்கும் மலிந்த வாழை, இளநீர், பழச்சாறு ஆகியவை. நலமுள்ளவர்க்கு நல்லுணவு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ இவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும்; அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடக்கூடும். இரத்த அழுத்தத்திற்கெனத் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துபவை என்பதால் இடர் இரட்டிக்கிறது. 'உடலைத் தூய்மையாக்கும்' என்று நம்பி ஒரு வாரம் பழச்சாறு மட்டும் அருந்தும் முதியவருக்குத் தம் சிறுநீரகத்தின் நிலை தெரியுமா? கிரியேட்டினின் என்னும் எளிய இரத்தச் சோதனை ஒன்று அதனைக் காட்டிவிடும். சோதனைக்குப் பின்னரே உண்ணாநோன்பும் சாறும் என்ற ஒழுங்கு வந்தால் பல குடும்பங்கள் காக்கப்படும்.

எல்லாவற்றினும் கொடியது இன்சுலினை நிறுத்தச் சொல்லும் அறிவுரை. பிறப்பிலோ இளமையிலோ கணையம் செயலிழந்த முதல் வகை நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் மருந்தன்று, மூச்சுக்கு நிகரானது. சில நாள்கள் நிறுத்தினாலும் இரத்தம் அமிலமாகி உயிர் போய்விடும். மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இதனை அடிப்படையாக வைத்தே நம் சட்ட அறிஞர்கள் இழப்பீட்டுப் பொறுப்பைப் பேசினர். இந்நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் இன்னும் இடைவெளியோடு நிற்கிறது. 2020ஆம் ஆண்டு இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, சோவா ரிக்பா ஆகியவற்றை உள்ளடக்கியது. யோகமும் இயற்கை மருத்துவமும் அதனுள் வரவில்லை. ஐந்தரை ஆண்டுகள் பயின்று பட்டம் பெற்றவரும், ஒரு வாரப் பயிற்சி முகாமில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயர்ப்பலகையைத் தொங்கவிட முடிகிறது. தொலைபேசி வழியே பேசும்போது அப்பலகைகூட நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே அறிவுரை கேட்குமுன் பட்டத்தையும் பதிவெண்ணையும் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நோன்பைப் பற்றிப் பேசியதால் ரமளானையும் இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். இயற்கை மருத்துவத்தின் உண்ணாநோன்பும் நம் நோன்பும் ஒன்றல்ல. ஒன்று சிகிச்சை, மற்றது வணக்கம். ஆயினும் உடல் ஒன்றே. 2001இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'எபிடியார்' ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடையோருள் 79 விழுக்காட்டினரும் முதல் வகையினருள் 43 விழுக்காட்டினரும் குறைந்தது 15 நாள்களேனும் நோன்பு நோற்றது தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும் நிகழ்வுகள் அம்மாதத்தில் முதல் வகையினரிடம் 4.7 மடங்கும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடின. நோயாளிக்குத் திருமறை (2:184, 185) தெளிவாகச் சலுகை அளித்திருக்கிறது. ஆனால் யாருக்குச் சலுகை, யார் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு நோற்கலாம் என்பதை ஆள்பார்த்தே கூற முடியும். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று பன்னாட்டு நீரிழிவு அமைப்பினர் வகுத்துள்ள வழிகாட்டி கூறுகிறது. தொலைமருத்துவம் இதற்கென்றே அமைந்தது போன்றது. மாலை நான்கு மணிக்குத் தலை சுற்றும் பெண்மணி வீட்டிலேயே விரல்நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து அளவைப் பார்த்து, மருத்துவருக்குச் சொல்லி, நோன்பைத் தொடர்வதா திறப்பதா என்று அறிந்துகொள்ள முடியும். அவ்வாறு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று அறிஞர்கள் தீர்ப்பளித்துள்ளனர். 70 மில்லிகிராமுக்குக் கீழே அளவு இறங்கினால் காத்திராமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. பள்ளிவாசல்களில் ஷஃபான் மாதத்து உரைகளில் இச்செய்தியும் இடம்பெற்றால் நன்று.

இத்தனை நன்மைகளையும் கூறிய பின், கம்பிகள் அறுந்துபோன நாள்களையும் நாம் மறந்துவிட இயலாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 800 பயணிகளுள் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர் 19ஆம் தேதி மீட்கப்படும் வரை வெள்ளத்தின் நடுவே இருந்தனர். கருவுற்ற பெண்ணொருவர் ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டார். ஏரல் பாலம் சிதைந்தது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன அந்நாள்களில் மருத்துவரின் குரல் எந்த வீட்டிற்கும் எட்டவில்லை. பயணிகளுக்குப் புதுக்குடி கிராமத்து மக்கள் தம் வீட்டு அரிசியைச் சமைத்துக் கொடுத்த செய்தியை நாடே படித்தது. அவர்களுள் எத்தனை பேர் அன்றைய மாத்திரையை விழுங்க இயலாமல் இருந்தனர் என்பதை எவரும் எழுதவில்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் தொலைமருத்துவத்தை வளர்க்க விரும்புவோர் அலைவரிசை இல்லாத ஒரு வாரத்தையும் திட்டத்திற்குள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். துணை சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்தகடு வேண்டும். நோயாளியின் விவரம் கணினியில் மட்டும் இருந்தால் போதாது. நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி நீர் புகாத உறையிலிட்டு ஒவ்வொரு வீட்டிலும் வைக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகக் கொடுத்து வைக்கலாம். இன்சுலின் செலுத்துவோர் வீட்டில் மின்சாரம் நின்றால் என்செய்வது என்ற வினாவுக்கு மட்டும் விடை நம் அடுக்களையிலேயே உள்ளது. திறந்து பயன்படுத்தும் குப்பி மிகு வெப்பம் படாத அறையில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. திறவாத குப்பிகளை ஈரம் புகாத சிறு உறையிலிட்டு, ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி நாள்தோறும் நீர் தெளித்து, உட்பானையில் வைத்து மூடி நிழலில் வைத்தால், குளிர்பெட்டியின் குளிர்ச்சி கிட்டாவிடினும் அறையின் வெப்பத்தைவிட அப்பானை குளிர்ந்தே இருக்கும். மின்சாரம் திரும்பும்வரை மருந்தைக் காக்க அது போதும்.